கார் தானாக பிரேக் போடும், தவணையை யார் கட்டுவது?

கேள்வி: வணக்கம் அண்ணே. நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கிறோம். நான் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி, கணவருக்கு செம்பனை ஆலையில் வேலை. இரண்டு பேர் சம்பளமும் கைக்கு வருவது 6,700 வெள்ளி (ரிங்கிட்). வீட்டுக் கடன் 1,050 போகிறது. மூத்தவன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, சின்னவளை ஓர் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். என் 2012 மைவி காருக்குக் கடன் முடிந்துவிட்டது. போக வர தினமும் 90 கிலோமீட்டர். போன மாதம் இரவு வேலை முடிந்து காலையில் வரும்போது ஈஜோக் பக்கம் ஒரு நொடி கண் சொக்கி, கார் ரோட்டை விட்டு புல்லில் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து பயமாக இருக்கிறது. ஒரு ஷோரூமில் ஹைப்ரிட் (பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும்) செடான் பார்த்தோம். “தானாக பிரேக் போடும், கோட்டுக்குள் தானாகப் போகும், நீங்கள் உட்கார்ந்தால் போதும், பெட்ரோலும் பாதிதான்” என்றார் விற்பனையாளர். விலை 112,000. முன்பணம் 12,000, அதில் 8,000 கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) பிளெக்சிபல் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்று நினைக்கிறோம். மீதி 100,000-க்கு 9 வருடக் கடன், வட்டி 2.8, மாதம் 1,159. பழைய மைவியைக் கணவருக்கு வைத்துக்கொள்ளலாம், இப்போது அவர் மோட்டாரில் போகிறார். எடுக்கலாமா? இன்னொன்று, தோட்டத்து ரோட்டில் இந்த வகைக் கார் சும்மா பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருக்கும் என்கிறாள் தோழி. அதை அணைத்து வைக்கலாமா?

பதில்: தங்கச்சி, முதலில் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தீர்களே, அது போதும். கேள்விக்கு நேரடியான பதில்: இந்த விலைக்கு, இந்தக் கடனுக்கு, வேண்டாம். பாதுகாப்பு வசதிகள் வேண்டும்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நீங்கள் ஒரே கடிதத்தில் மூன்று விஷயத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள்: பெட்ரோல் மிச்சம், தானாக பிரேக் போடும் வசதி, உங்கள் தூக்கம். விற்பனையாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே காரை விற்கப் பார்க்கிறார். பிரித்துப் பார்த்தால் முதலாவது சின்னத் தொகை, இரண்டாவது இதைவிடப் பாதி விலையில் கிடைக்கிறது, மூன்றாவதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

பெட்ரோலைப் பார்ப்போம். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய மைவி 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடித்தால் 140 லிட்டர். 2025 செப்டம்பர் 30-இல் ‘புடி95’ மானிய பெட்ரோல் திட்டம் எல்லாருக்கும் தொடங்கியபோது வைத்த 1.99 வெள்ளி விலையில் அது 279 வெள்ளி. ஹைப்ரிட் 4.5 லிட்டரில் ஓடினால் 90 லிட்டர், 179 வெள்ளி. ஆக மாதம் 100 வெள்ளி மிச்சம், அதற்கு நீங்கள் கட்டப்போகும் தவணை 1,159. மானியம் இல்லாமல் லிட்டர் 2.60 என்றே வைத்தாலும் மிச்சம் 130-தான். சிங்கப்பூர்க்காரனுக்கு ஹைப்ரிட் கணக்கு வேறு, அவன் பெட்ரோலுக்குக் கொடுக்கும் விலையில் அது நியாயம். நம் நாட்டில் மானிய பெட்ரோல் போட்டுக்கொண்டு ‘மிச்சம் பிடிக்க ஹைப்ரிட்’ என்பது, மாதம் நாலாயிரம் கிலோமீட்டர் நெரிசலில் ஓட்டுகிறவருக்கு வேண்டுமானால் பொருந்தும். நெரிசல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஹைப்ரிட்டின் பலமே நின்று நின்று போவதில்தான் இருக்கிறது. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை பேட்டரிக்குள் இழுத்து வைத்து, கிளம்பும்போது அதையே செலவழிக்கும். உங்கள் வழியில் காப்பார் சிக்னல்களில் அது நன்றாக வேலை செய்யும், ஜெராம் பக்கம் ஒரே சீராக 90-இல் போகும்போது பெரிய வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது, அந்த உதவி வசதிகள். ஹோண்டா சென்சிங், டொயோட்டா சேஃப்டி சென்ஸ் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அடிப்படையில் எல்லாம் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, பல கார்களில் அதோடு முன்பக்கம் ஒரு ரேடார். இதற்கு ஹைப்ரிட் எஞ்சின் தேவையே இல்லை. பெரோடுவா 2017 நவம்பரிலேயே மைவியின் உயர்ந்த ரகத்தில் தானாக பிரேக் போடும் வசதியை வைத்துவிட்டது. 2021-இல் வந்த மைவி ஏ.வி. ரகத்தில் முன்னால் போகும் காருக்கு இடைவெளி விட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ், கோட்டுக்குள் நிறுத்தும் வசதி எல்லாம் வந்தது, விலை 60,000-ஐ ஒட்டி. பழைய மைவியைக் கொடுத்துக் கிடைப்பதோடு கொஞ்சம் சேர்த்து 10,000 முன்பணம் போட்டு, 50,000 கடனை அதே 2.8 வட்டியில் 7 வருடத்துக்கு எடுத்தால் தவணை 712. பெட்ரோல் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் என்றால் மாதம் 239. இரண்டும் சேர்த்து 951. ஹைப்ரிட்டில் தவணையும் பெட்ரோலும் 1,338. மாதம் கிட்டத்தட்ட 390 வெள்ளி வித்தியாசம், அதுவும் இரண்டு வருடம் முன்னாலேயே கடன் தீர்ந்துவிடும். விலை வித்தியாசமான 52,000-ஐ, புது மைவியைவிட மாதம் 60 வெள்ளி வரும் பெட்ரோல் மிச்சத்தில் ஈடுகட்ட 72 வருடம் ஆகும். பேரப்பிள்ளைதான் லாபம் பார்க்கும்!

இரண்டாவது கார் வேண்டுமா என்பதையும் வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். ஆலைக்கு மோட்டார் போதும் என்றால் பழைய மைவிக்கு ஒரு ரோட் டெக்ஸ், ஓர் இன்சூரன்ஸ், நாலு டயர் எதற்கு?

2.8 வட்டி என்றதும் வீட்டுக் கடனைவிடக் குறைவு என்று தோன்றும். அது பிளாட் ரேட். நீங்கள் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் 100,000-க்குத்தான் ஓடும். 9 வருடத்தில் வட்டி மட்டும் 25,200, உண்மையான வட்டி விகிதம் 5 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வங்கி சொல்வது பிளாட்டா, குறையும் மிச்சத்துக்கா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள், இரண்டையும் ஒன்றாக ஒப்பிடாதீர்கள். இதோடு இன்னொன்றையும் பாருங்கள்: ஹைப்ரிட் பேட்டரிக்கு இங்கே பெரும்பாலும் 8 வருட உத்தரவாதம், உங்கள் கடனோ 9 வருடம். உத்தரவாதம் முடிந்த காருக்கு ஒரு வருடம் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள், அப்போது பேட்டரி போனால் செலவு பல ஆயிரம். 2011 முதல் 2013 கடைசி வரை வரி விலக்கில் ஹைப்ரிட் கார்கள் மலிவாக வந்தபோது நம் ஆட்கள் நிறைய பேர் வாங்கினார்கள். பிறகு பேட்டரி வயதானதும் செகண்ட் ஹேண்ட் கடையில் அந்தக் கார்களைக் கண்டால் வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்போது வரும் பேட்டரிகள் தேறியவைதான், ஆனாலும் ‘மலிவாக செகண்ட் ஹேண்ட் ஹைப்ரிட் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் உத்தரவாதம் எத்தனை வருடம் மிச்சம் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

கே.டபிள்யூ.எஸ்.பி. பணத்தைத் தொடாதீர்கள். பிளெக்சிபல் கணக்கை 2024 மே மாதம் திறந்துவிட்டது அவசரத்துக்கு, ஷோரூமுக்கு இல்லை. 2024-க்கு அங்கே ஈவு 6.30 விழுக்காடு. அதை எடுத்து, ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கும் ஒரு பொருளில் போடுவதா?

மைவியோ ஹைப்ரிட்டோ, கேமரா வைத்த கார் எதை வாங்கினாலும் இன்சூரன்ஸில் கொஞ்சம் நிதானியுங்கள். உங்கள் ஊர் ரோட்டில் மணல் லாரி ஓட்டம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒரு கல் பறந்து வந்து கண்ணாடி விரிந்தால், பழைய மைவி மாதிரி பட்டணத்துக் கடையில் மாற்றிக்கொண்டு வர முடியாது. புதுக் கண்ணாடி போட்டதும் கேமராவை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். நூலளவு கோணம் தவறினால் அது வேறு எதையோ பார்த்து பிரேக் போடும், அல்லது போடவே போடாது. அதனால் கண்ணாடிக்குத் தனி காப்புறுதி எடுங்கள். வழக்கமாக காப்புத் தொகையில் 15 விழுக்காடு கட்டணம், 2,000-க்கு எடுத்தால் 300 வெள்ளி. அதில் கோரிக்கை வைத்தால் உங்கள் என்.சி.டி. (கோரிக்கை வைக்காமல் ஓட்டியதற்கான பிரீமியம் தள்ளுபடி) குறையாது. தொகையை ஏஜெண்ட் வாய்க்கு வந்தபடி எழுத விடாமல், சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு கண்ணாடி, அளவு பார்க்கும் கூலி இரண்டும் எவ்வளவு என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தக் கூலியும் காப்பில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன் பம்பரும் இதே கதைதான், ரேடார் இருக்கும் காரில் லேசாக இடித்தாலும் வெறும் பெயிண்ட் வேலையோடு முடியாது, தெரிந்த போர்மேன் ஆணி அடித்து ஒட்டித் தரும் வேலையும் இல்லை.

அப்புறம் என்.சி.டி. இத்தனை வருடம் கோரிக்கை எதுவும் வைக்காமல் ஓட்டியிருந்தால் உங்களுக்கு 55 விழுக்காடு சேர்ந்திருக்கும். அது உங்கள் பெயரில் உள்ள உரிமை, காருடைய சொத்து இல்லை, புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஷோரூமில் தந்த மதிப்பீட்டில் என்.சி.டி. பூஜ்ஜியம் என்று போட்டிருந்தால் கேளுங்கள், அடிப்படைப் பிரீமியம் 3,100 என்றால் 1,705 வெள்ளி அங்கேயே போகிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு காருக்குத்தான். பழைய மைவியையும் உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டால் அதற்கு முழுப் பிரீமியம் விழும்.

கடைசியாக அந்த ஈஜோக் விஷயம். உண்மையில் உங்கள் கடிதமே இதைப் பற்றித்தான். இந்தக் கார்கள் எதுவும் தானாக ஓடுபவை அல்ல. கோட்டைப் பிடித்துப் போகிறது என்றால் முதலில் கோடு இருக்க வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து தோட்டங்களுக்குள் பிரியும் ரோட்டில் கோடு அழிந்து எவ்வளவு நாளாகிறது? கோட்டுக்குள் நிறுத்தும் வசதி பல கார்களில் 60, 65-க்கு மேல் போனால்தான் விழிக்கும். கனமழையில், எதிர்வெயிலில், கேமராவுக்கு முன்னால் கண்ணாடியில் செம்மண் படிந்திருந்தால், திரையில் ஒரு செய்தி காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மாடு குறுக்கே வந்தால் நிறுத்தும் என்று நம்பவே கூடாது, கார்களையும் ஆட்களையும் பார்க்கத்தான் அதற்குப் பழக்கியிருக்கிறார்கள், தயாரிப்பாளரின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். (ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசுகிறவர்கள் நடுவில் உள்ள சின்னத்தின் மேல் பூசிவிடுகிறார்கள், சில கார்களில் ரேடார் அதற்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. பொட்டை பானட்டில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.) தூக்கத்தைக் கவனிக்கும் வசதியும் பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங் எப்படி ஆடுகிறது என்பதைத்தான் பார்க்கிறது, உங்கள் கண் திறந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. சட்டத்தின் முன்னும் ஓட்டுநர் நீங்கள்தான், கார் கம்பெனி இல்லை. ஆனால் தானாக பிரேக் போடுவது உயிர் காக்கிற வசதி, அதற்காக மைவி விலையில் பணம் கொடுப்பது சரி. அதை நம்பி, இரவு முழுக்க நோயாளிகளோடு நின்றுவிட்டு 45 கிலோமீட்டர் ஓட்டுவது சரியில்லை.

அந்த 390 வெள்ளியை இங்கே செலவழியுங்கள் என்கிறேன். மருத்துவமனை விடுதியில் இரவு வேலை வாரத்துக்கு மட்டும் ஒரு படுக்கை கிடைக்குமா என்று மேட்ரனிடம் கேளுங்கள். இல்லையென்றால் உங்களைப் போலவே தூரத்திலிருந்து வரும் இரண்டு தாதிகளோடு சேர்ந்து கிள்ளானில் ஓர் அறை எடுங்கள், பங்கு போட்டால் தாங்கும். நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு மத்தியானம் கிளம்புங்கள், பிள்ளைகளைக் கூப்பிட வேண்டிய நேரத்துக்கு ஊர் வந்துவிடலாம். இன்னொரு விஷயம், தனியார் ஊழியர் என்பதால் பெர்கெசோவில் (ஊழியர் சமூகக் காப்புறுதி) இருப்பீர்கள், வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நேர்வழியில் நடக்கும் விபத்துக்கும் அது பொருந்தும். கணவருக்கும் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வராது.

புக்கிங் பணம் கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கட்டியிருந்தால் ரசீதை எடுத்துப் படியுங்கள், கடன் கிடைக்காவிட்டால் திருப்பித் தருவோம் என்று இருக்கும், மனம் மாறினால் என்ன என்பது சில இடங்களில் இருக்காது. இன்றைக்கே போன் போடுங்கள்.

தோழி சொன்ன பீப் சத்தம் உண்மைதான். கோடு தாண்டும் எச்சரிக்கையை ஸ்டீயரிங்கிலோ டாஷ்போர்டிலோ உள்ள பட்டனில் அணைக்கலாம், தோட்டத்து ரோட்டில் நானும் அணைத்துவிட்டுத்தான் ஓட்டுவேன், பெரிய ரோட்டில் ஏறியதும் மறக்காமல் போட்டுவிடுங்கள். தானாக பிரேக் போடும் வசதிக்கும் தனி பட்டன் இருக்கும், அதைத் தொட வேண்டாம்.