கிருபை கடவுளுடையது என்றால் நான் ஏன் முயல வேண்டும்?

கேள்வி: கோபத்தை விட்டுவிடப் பல மாதங்களாக ஜெபிக்கிறேன். நேற்றும் மகளிடம் கத்திவிட்டேன். மனம் மாறுவது கிருபையால்தான் என்றால் நான் எதற்கு முயல வேண்டும்? முயற்சி என்னுடையது என்றால் ஜெபம் எதற்கு?

பதில்: கத்திய பிறகு மனம் குத்தியது அல்லவா? அங்கிருந்தே தொடங்குவோம். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியுஸ் என்ற துறவி, மனிதன் மனம்வைத்தால் பாவமின்றி வாழ முடியும் என்று போதித்தார். வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன் அதை விடாமல் எதிர்த்தார். நோயுற்ற சித்தம் தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொள்ளாது என்பது அவர் வாதம். 529இல், இன்றைய பிரான்சிலுள்ள ஓராஞ்சில் கூடிய ஆயர்களின் சங்கம், விசுவாசிக்க வேண்டும் என்ற ஆசை முளைப்பதே கிருபையால்தான் என்று தீர்மானித்தது. ஆகவே கிருபை இன்னும் வந்து சேரவில்லை என்று கலங்காதீர்கள். மனம் வருந்தி ஜெபிக்கிறீர்களே, அதுவே அதன் வேலைதான்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாமா? மாற்கு 3ஆம் அதிகாரத்தில், சூம்பின கையுடைய ஒருவனிடம் "உன் கையை நீட்டு" என்கிறார் இயேசு. அவனால் முடியாத காரியமே அதுதான்! முதலில் குணமாக்கிவிட்டு, பிறகு நீட்டச் சொல்லவில்லை. அவன் நீட்டினான், கை குணமாயிற்று. பலம் இயேசுவுடையது, நீட்டியவன் அவன். இதில் யாருக்கு எத்தனை பங்கு என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. போடவும் கூடாது என்றே நினைக்கிறேன். பிலிப்பியர் 2:12–13இல் பவுலும், இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படச் சொன்ன கையோடு, விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். இரண்டையும் அவர் இணைக்கும் சொல் 'ஏனெனில்'. அந்த ஒரு சொல்லில் உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் இருக்கிறது.

கிருபையை மனிதன் தள்ளிவிட முடியுமா என்பதில் சபைகள் பிரிகின்றன. முடியும் என்றது 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம்; தேவன் தெரிந்துகொண்டவர்களிடம் அது தோற்காது என்றது 1618–19இல் கால்வின் வழிவந்த சீர்திருத்த சபைகளின் டோர்ட் சங்கம். முதல் அடி கடவுளுடையது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

இன்றே மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். சாக்குச் சொல்லாமல் கேளுங்கள். கை ஓங்கும் அளவுக்குப் போகிறதென்றால் மனநல ஆலோசகரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவாகாது. "கோபத்தை எடுத்துவிடும்" என்று பொதுவாக ஜெபிப்பதோடு, 141ஆம் சங்கீதக்காரரைப் போல வாய்க்குக் காவல் கேளுங்கள். குரல் உயரத் தொடங்கும் அந்தக் கணத்தில் அதைச் சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்கு நடந்துவிடுங்கள்.