வகுப்புக்கு எத்தனை பிள்ளைக்கு வீசிங்? டாக்டரம்மாவிடம் கேளுங்கள்

கும்பகோணம் பக்கம் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர் நான். தை பிறந்து அறுப்பு மெஷின் வயலில் இறங்கிவிட்டால் என் வாசலில் இருமல் சத்தம்தான். பள்ளிப் பிள்ளைகளின் ஆஸ்துமா பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

மன்னார்குடி, ஐந்தாம் வகுப்பு ஆசிரியை: என் வகுப்பில் 38 பேர். இரண்டு பிள்ளைகள் பையில் இன்ஹேலர் பம்ப் இருக்கிறது. இது அதிகமா டாக்டரம்மா?

இல்லை டீச்சர். குளோபல் ஆஸ்துமா நெட்வொர்க் என்ற சர்வதேச ஆய்வுக் குழு இந்தியாவில் எடுத்த கணக்கு 2022இல் வெளியானது. முந்தைய ஓராண்டில் இழுப்பு (வீசிங்) வந்ததா என்று கேட்டதில், 6-7 வயதில் 100க்கு சுமார் 3 பிள்ளைகள், 13-14 வயதில் மூன்றரை. அப்படிப் பார்த்தால் உங்கள் வகுப்புக்கு ஒன்றிரண்டு பேர் என்பது சரியாகத்தான் வருகிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாத எண் வேறு. அதே ஆய்வில் இழுப்பு இருந்தவர்களில் 100க்கு 82 பேருக்கு ஆஸ்துமா என்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்கவில்லை. உங்கள் வகுப்பில் பம்ப் வைத்திருக்கும் இருவரும் கண்டுபிடிக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான். விளையாட்டு நேரத்தில் ஓடாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிற பிள்ளை, சிரித்தாலே இருமுகிற பிள்ளை, மாதம் தவறாமல் 'சளி' என்று லீவு போடுகிற பிள்ளை யாராவது உண்டா? அவர்களையும் ஒரு தடவை பாருங்கள்.

பாபநாசம், கணக்கு வாத்தியார்: லண்டனில் இருக்கும் என் மச்சான், அங்கே 11 பிள்ளைகளில் ஒருவருக்கு ஆஸ்துமா என்கிறார். நம் காற்று அவ்வளவு சுத்தமா?

காற்றை மட்டும் வைத்து இந்தக் கணக்கு தீராது சார். 1990களில் 'ஐசாக்' என்ற ஆய்வு, உலகம் முழுக்க ஒரே கேள்வித்தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தது. ஊருக்கு ஊர் பல மடங்கு வித்தியாசம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மேலே. காற்று மாசு அதிகமுள்ள சில ஊர்கள் கீழே. பரம்பரை, ஒவ்வாமை, சின்ன வயதில் வந்த தொற்றுகள் என்று பல சேர்ந்து விளையாடுகின்றன.

இன்னொன்று, கேட்கிற சொல். ஒரே அறிகுறியை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பேரில் சொல்லும் என்பதால், 13-14 வயதுப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குவதை வீடியோவில் காட்டியும் கேட்டார்கள். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள்: இழுப்பு, இளைப்பு, இரைப்பு, நெஞ்சுச் சளி, வீசிங். "ஆஸ்துமா உண்டா?" என்று கேட்டால் அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். "ராத்திரி இரண்டு மணிக்கு இருமி எழுந்திருக்கிறானா?" என்று கேளுங்கள், தலை தானாக ஆடும். பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சை நினைத்து அந்தச் சொல்லையே வீட்டுக்குள் விடமாட்டார்கள். அது தனிக் கதை.

திருவாரூர், ஒரு அம்மா: பையனுக்கு ஏழு வயது. 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தோம். இன்னும் விடியற்காலையில் இருமுகிறான்.

நம் பக்கம் அதிகம் புழங்கும் பேர் அது. காசநோய்க் கிருமி முதன்முதலில் நுரையீரலில் தொற்றுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். விடாத காய்ச்சல், எடை குறைவது, வீட்டில் யாருக்காவது காசநோய் என்று இருந்தால் அந்தச் சந்தேகம் நியாயம். ஆனால் இரவிலும் விடியலிலும் வந்து, ஓடினால் கூடி, நடுவில் பல நாள் காணாமல் போகிற இருமல் ஆஸ்துமாவாக இருக்கலாம். பையனைப் பார்க்காமல் முடிவு சொல்லமாட்டேன். உங்கள் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: "இது ஆஸ்துமாவா, ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுக்கலாமா?" ஐந்தாறு வயதுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகள் அதை ஊதிவிடுவார்கள்.

வலங்கைமான், விவசாயி: தாளடி அறுப்பு வந்தால் பத்து நாள் மகளுக்கு மூச்சு வாங்குகிறது. வயல்தான் காரணமா?

வயல் நோயைக் கொடுக்கவில்லை ஐயா, ஏற்கெனவே இருப்பதைக் கிளப்பிவிடுகிறது. மெஷின் ஓடும் நாளில் பதரும் தூசியும் வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், வைக்கோல் போர் பக்கம் அவளை விடாதீர்கள். அப்புறம் வீட்டுக்குள் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கொசுவத்தி ஏற்றுகிறோமே, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை போதும். சாம்பிராணியும் வேண்டாம். இதையெல்லாம் விடப் பெரிய எதிரி சாதாரண ஜலதோஷம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான்.

நாச்சியார்கோவில்: பையன்களுக்குத்தான் அதிகமாமே?

சின்ன வயதில் ஆமாம். வயதுக்கு வந்தபின் பெண்கள் பக்கம் சாயும்.

திருவையாறு, பாட்டி: பம்ப் பழகிவிட்டால் விடாதாமே? வாழைப்பழம் கொடுக்கலாமா?

பழத்தைத் தாராளமாகக் கொடுங்கள் பாட்டி. பம்ப் அடிமையாக்காது. மாத்திரை மில்லிகிராம் கணக்கு, பம்ப் மைக்ரோகிராம் கணக்கு. மருந்தின் அளவு பல மடங்கு குறைவு. நேரே நுரையீரலுக்குப் போவதால் அதுவே போதும். நன்றாக இருக்கிறானே என்று தினசரி பம்பைப் பாதியில் நிறுத்துவதில்தான் வம்பு.

பட்டுக்கோட்டை, உடற்கல்வி ஆசிரியர்: மைதானத்தில் மூச்சு வாங்கினால் என்ன செய்வது? பம்பில் மாட்டும் ஸ்பேசர் குழாயும் இல்லை.

நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். நீல பம்பை (தினசரி பம்ப் அல்ல, மூச்சு வாங்கும்போது அடிக்கிற பம்ப்) குலுக்கி, ஒவ்வொன்றாக நான்கு தடவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. ஸ்பேசர் இல்லாவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்ப் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவு ஓட்டை போட்டு, வாய்ப்பக்கம் பிள்ளையை உறிஞ்சச் சொல்லலாம். இதை இன்றைக்கே செய்து ஆபீஸ் அறையில் வையுங்கள். நான்கு நிமிடத்தில் தெளியவில்லையென்றால் மறுபடி நான்கு. அதற்கும் அடங்காவிட்டால் 108. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்கவே வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை இதே போல் நான்கு நான்காகப் பம்பைத் தொடருங்கள்.