கல்யாணப் பத்திரிகை அடிக்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கல்யாண வேலைகளில் பத்திரிகையும் நிறமும் சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. விழாவைப் பற்றி விருந்தினர் கையில் முதலில் போய்ச் சேருவது அந்தத் தாள்தான். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்திருக்கிறேன்.

என் உடை மயில்கழுத்து நிறம். பத்திரிகையும் அதே நிறத்தில் வேண்டுமென்று போனில் படம் எடுத்து அனுப்பினேன். திரையில் அழகாக இருந்தது, அச்சாகி வந்த மாதிரியோ மங்கிப்போன நீலமாக இருக்கிறது. அச்சகத்தின் தவறா?

பெரும்பாலும் இல்லை. போன் திரை ஒளியை வைத்து நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். அச்சு இயந்திரம் மையை வைத்து நிறம் காட்டுகிறது: சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. திரையில் பளிச்சிடும் சில நிறங்களை இந்த நான்கு மைகளால் எட்டவே முடியாது. கிளிப்பச்சை, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, மின்னும் நீலப்பச்சை எல்லாம் அந்த வகை. மென்பொருள் அவற்றுக்கு மிக அருகில் இருக்கும் மங்கலான நிறத்தைத் தேர்ந்துகொள்கிறது. உங்கள் கைக்கு வந்தது அதுதான்.

மயில்கழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தத் துணியில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். அதனால்தான் நடக்கும்போது ஒரு மடிப்பு நீலமாகவும் அடுத்தது பச்சையாகவும் தெரிகிறது. தட்டையான தாளில் அந்த ஜாலம் வராது. உங்கள் போன் பிடித்ததும் அந்த ஒரு கணத்து நிறத்தை மட்டும்தான்.

ஆகவே அதே நிறத்தைத் துரத்தாதீர்கள். துணியின் ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துப் பாருங்கள், இரண்டு நிறங்களும் தனித்தனியாகத் தெரியும். அவற்றில் ஆழமானதை எழுத்துக்கும் கரைக்கும் வைத்து, பின்புலத்தைச் சந்தன நிறமாகவோ வெறும் வெள்ளையாகவோ விடுங்கள். உடைக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரியும், அது போதும். ஒரு நிறம் துல்லியமாகத்தான் வேண்டுமென்றால், பான்டோன் எண் (அச்சகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிற அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள எண்) சொல்லித் தனி மையாகக் கலக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் கவனியுங்கள். சி என்றால் பூச்சுத் தாள், யு என்றால் பூச்சில்லாத தாள். பூச்சில்லாத தாள் மையை உள்ளிழுத்துவிடும் என்பதால் அதே மை அதில் ஒரு படி மங்கலாகத்தான் தெரியும். எதுவானாலும், நீங்கள் அடிக்கப்போகும் தாளிலேயே ஒரு மாதிரி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்.

விருந்தினர் முந்நூறு பேர். பத்திரிகையும் முந்நூறு அடிக்க வேண்டுமா?

வேண்டாம். தலைகளை எண்ணாமல் வீடுகளை எண்ணுங்கள். தம்பதிக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று. தனியாக வசிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் தனிப் பத்திரிகை. வரும் எண்ணிக்கையுடன் நூற்றுக்குப் பத்து வீதம் கூடுதலாக அடியுங்கள். விட்டுப்போன பெயர்கள் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வரும். ஆப்செட் என்ற அச்சு முறையில் மறுபடி இருபது அடிப்பதற்கும் தகடு ஏற்றி, மை சரிசெய்யும் வேலை முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், பெயர் எழுதும்போது கை தவறும்.

அப்பா மூன்று வருடங்களுக்கு முன் தவறிவிட்டார். பத்திரிகையில் அவர் பெயர் இல்லாமல் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறைந்தவர் பெயரில் அழைப்பு விடுக்கக்கூடாது என்று சித்தப்பா சொல்கிறார்.

உங்கள் மனமும் சரி, சித்தப்பா சொல்வதும் சரி. பத்திரிகையில் பெயர் வரும் இடங்கள் இரண்டு: அழைப்பவர் யார் என்பது ஒன்று, மணமகள் யாருடைய மகள் என்பது இன்னொன்று. முதல் இடத்தில் இருப்பவர்கள்தான் விழாவை நடத்துகிறவர்கள், வாசலில் நின்று வரவேற்பவர்கள். அங்கே அம்மா பெயர் இருக்கட்டும். இரண்டாவது இடத்தில் அப்பாவின் பெயர் முழுமையாக வரலாம். மகள் என்ற உறவுக்கு முடிவு கிடையாதே.

அம்மா ஒருவரே அழைப்பதாக எழுதினால் வாக்கியம் ‘அழைக்கிறேன்’ என்று முடியும். அந்த ஒருமை, பத்திரிகையைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தன் தனிமையை நினைவூட்டலாம். உங்கள் அண்ணன், தம்பி, சித்தப்பா, சித்தி யாராவது அம்மாவுடன் சேர்ந்து அழைத்தால் அது ‘அழைக்கிறோம்’ ஆகிவிடும். இரண்டு எழுத்து மாற்றம்தான். அதைப் பார்த்துவிட்டு ஓர் அம்மா வெகு நேரம் அந்தச் சொல்லின் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அப்பா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடுவதா, ‘மறைந்த’ என்பதா, ஒன்றும் போடாமல் விடுவதா என்பதை அம்மாவிடமே கேளுங்கள். அந்தச் சொல்லை அச்சில் பார்க்கச் சிலருக்குத் தாங்காது. அடைமொழி இல்லாமல் ‘இன்னாரின் மகள்’ என்று எழுதினாலும் தெரிந்தவர்களுக்கு எல்லாம் தெரியும், இலக்கணத்திலும் பிழையில்லை. பிரிந்து வாழும் பெற்றோருக்கும் இதே வழி உதவும்: இருவர் பெயரையும் தனித்தனி வரியில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.

தடித்த தாள்தான் கௌரவம் என்கிறார்கள். எவ்வளவு தடிமன் எடுக்கலாம்? எழுத்தெல்லாம் தங்க நிற ஃபாயிலில் வேண்டும்.

தாளின் எடையை ஜிஎஸ்எம் என்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதே அது. நகலெடுக்கும் தாள் 70 முதல் 80 வரை இருக்கும். அட்டையாக நிற்க 250 முதல் 350 வரை நல்ல அளவு. மடிப்பு உள்ள பத்திரிகை என்றால் மடிக்கும் முன் கட்டாயம் கிரீசிங் போடச் சொல்லுங்கள், அதாவது மடிப்பு வரும் கோட்டை முதலில் அழுத்திப் பதிப்பது. இல்லாவிட்டால் மடிப்பில் தாள் வெடித்து, அரக்கு நிறப் பின்புலத்தின் நடுவே வெள்ளைக் கீறல் தெரியும். பின்புலம் முழுக்க அடர்நிறமாக இருந்தால் இந்தக் கீறல் இன்னும் கண்ணில் குத்தும்.

ஃபாயிலைப் பெயர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சூடான அச்சால் அழுத்தி ஒட்டும் மெல்லிய ஏடு அது. சின்ன எழுத்தில் ‘ண’, ‘ஜ’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளிகள் ஒட்டாமல் உதிரும். தமிழில் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடுகிறது, ‘க்’ ‘க’ ஆகிவிடுகிறது. தேதி, நேரம், முகவரி மூன்றையும் அடர்ந்த நிறச் சாதாரண மையில், 11 அல்லது 12 பாயின்ட் எழுத்தளவில் போடுங்கள். மினுங்கும் எழுத்து விளக்கடியில் கண்ணைக் கூசவைக்கும். தாத்தா பாட்டி பத்திரிகையைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்கும்படி ஆகக்கூடாது.

வேர்டில் தட்டச்சு செய்து அனுப்பினேன். அச்சகத்திலிருந்து வந்த மாதிரியில் ‘கொ’ எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கிடக்கிறது.

நீங்கள் தட்டச்சு செய்தது யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில். அவர்களுடைய வடிவமைப்பு மென்பொருள் தமிழைக் கோக்கத் தெரியாத நிலையில் இருக்கிறது, அல்லது பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது உடைந்திருக்கிறது. மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாற்றிய பிறகு கொ, கோ, கௌ, கை, ஸ்ரீ வரும் சொற்களைத் தனியாகத் தேடிப் பாருங்கள், உடைவது அங்கேதான். எல்லாம் சரியான பின் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிப் பிடிஎஃப் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் குலையாது.

மேடைக்கும் மேசைக்கும் எத்தனை நிறம் வைக்கலாம்? தோழி ஐந்து சொல்கிறாள்.

ஒரு முதன்மை நிறம், அதற்குத் துணையாக ஒன்று, அங்கங்கே ஒரு துளி தங்கமோ வெள்ளியோ. நான் இதற்கு மேல் போகமாட்டேன். பூக்களும் இலைகளும் விருந்தினரின் உடைகளும் மீதி நிறங்களைக் கொண்டுவந்துவிடும்.

எண்ணிக்கையைவிட விளக்கு முக்கியம். ஒளியின் நிறச்சாயலைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், மஞ்சள் சாயல் விளக்குகள் 2700 முதல் 3000 கெல்வின் வரை இருக்கும். அவற்றின் கீழ் வெள்ளை வெண்ணெய் நிறமாகும், அரக்கும் மாம்பழ மஞ்சளும் உயிர்பெறும், இளம் கத்தரிப்பூ நிறம் சாம்பலாகச் செத்துப்போகும். பகல் வெளிச்சமோ ஏறத்தாழ 5500 கெல்வின். கடை வாசலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணிகள் மண்டபத்துக்குள் வேறுவேறாகத் தெரிவதும் இதனால்தான், இரண்டின் சாயங்களும் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்புகின்றன. மேசை விரிப்பு, நாடா, பத்திரிகை மூன்றிலும் ஒவ்வொரு துண்டை எடுத்துக்கொண்டு, விழா நடக்கும் அதே நேரத்தில் மண்டபத்துக்குப் போய், எல்லா விளக்கையும் போடச் சொல்லிப் பாருங்கள். மேடையில் ஊதா, நீல விளக்குகள் போடுவார்களா என்றும் கேளுங்கள். போட்டால் நீங்கள் மாதக்கணக்கில் தேர்ந்த நிறமெல்லாம் அதில் மூழ்கிவிடும்.

க்யூஆர் குறியீடு போடலாமா?

தாராளமாக. மண்டபத்துக்கு வழிகாட்டவும் வருவதை உறுதிசெய்யவும் அதைவிட எளிய வழியில்லை. நீளமும் அகலமும் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெளிர் பின்புலத்தில் அடர்நிறமாக, சுற்றிலும் வெற்றிடம் விட்டுப் போடுங்கள். ஃபாயிலில் வேண்டாம், பளபளப்பில் கேமரா தடுமாறும். குறியீடு உருவாக்கித் தரும் சில இணையச் சேவைகள் இலவசக் காலம் முடிந்ததும் அதை நிறுத்திவிடும். அதனால் இணைய முகவரியை நேரடியாகவே குறியீட்டில் வையுங்கள். அச்சான மாதிரியில் இரண்டு மூன்று போன்களால் சோதித்த பிறகே சரி சொல்லுங்கள். போனில் இதெல்லாம் செய்யத் தெரியாதவர்களுக்காகத் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

தாள் பத்திரிகையே வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மரியாதைக் குறைவா?

இல்லை. ஆனால் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு விடாதீர்கள். பெயர் சொல்லி அழைத்து, தேதி, நேரம், இடத்தைச் செய்தியாகவும் தட்டச்சு செய்யுங்கள். அப்போதுதான் பார்வையற்றவர்களின் போன் அதை வாசித்துக் காட்டும், மற்றவர்களும் பின்னால் தேடி எடுக்க முடியும். படம் மங்காமல் இருக்க ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

பிழைதிருத்தம் எத்தனை பேர் பார்க்க வேண்டும்?

இரண்டு பேர் போதும், ஒருவர் குடும்பத்துக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். வீட்டார் எல்லோரும் பெயர்களைத்தான் படிப்பார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் நான்கு பேர் பார்த்துச் சரி சொன்ன பத்திரிகையில் தேதி சரியாக இருந்தது, கிழமை தவறாக இருந்தது. கட்டுப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. நானும் அந்த நால்வரில் ஒருத்தி. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையிலும் கையால் திருத்தினோம். தூரத்தில் இருந்தவர்களுக்குப் போன் செய்து சொன்னோம்.

அதிலிருந்து நான் விடாமல் செய்வது இது. நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு தேதியையும் கிழமையையும் விரலால் தொட்டு ஒப்பிடுவேன். பத்திரிகையில் இருக்கும் தொலைபேசி எண்ணை அதைப் பார்த்தே அழுத்தி அழைப்பேன். முகவரியை வரைபடத்தில் தட்டித் தேடுவேன். முழுப் பத்திரிகையையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பேன். அப்படிப் படித்தால் பழகிய வாக்கியம் கண்ணை இழுத்துக்கொண்டு ஓடாது, விட்டுப்போன ஒற்றும் கண்ணில் படும். நேரத்தைக் ‘காலை’, ‘மாலை’ என்று எழுத்தால் எழுதுங்கள்.

எப்போது அடித்து முடிக்க வேண்டும்?

விழாவுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் விருந்தினர் கையில் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தூரத்திலிருந்து வருபவர்களுக்குத் தேதியை மட்டுமாவது ஆறு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்களுக்கென்று ஒரு பத்திரிகையைப் பத்திரமாக வைக்க ஆசை. அம்மாவின் பத்திரிகை பழுப்பேறி பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பழுப்புக்குத் தாளில் இருக்கும் அமிலமும் வெளிச்சமும் காரணம். ஒட்டிக்கொண்டதற்குப் பிவிசி உறை காரணம். உங்களுடையதை அமிலமில்லாத தாளுக்கு இடையில் வைத்து, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் தட்டையாக வையுங்கள். அம்மாவுடையதை உறையிலிருந்து இழுத்துப் பிரிக்க வேண்டாம், மை உறையோடு வந்துவிடும். இன்றைக்கே அதை உறையோடு நல்ல வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.