கணக்கியல் படிக்க ஆசைப்படும் மகளின் பெற்றோருக்கு

மகள் கணக்கியல் படித்து, ஒருநாள் பெரிய நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் உட்கார ஆசைப்படுகிறாள். "பெண்களை ஒப்புக்குத்தானே போடுகிறார்கள், இதை நம்பிப் படிக்க வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்க வையுங்கள்.

ஒப்புக்கு நியமிப்பதும் நடக்கிறது, மறுக்கவில்லை. நார்வே 2003-இல் சட்டம் இயற்றி, பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் பெண்களுக்குச் சுமார் 40 சதவீத இடத்தைக் கட்டாயமாக்கியது. வேறு பல நாடுகளும் பின்தொடர்ந்தன. சட்டத்தால் இடம் கிடைத்துவிடும். கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்கும் துணிவு படிப்பாலும் அனுபவத்தாலும்தான் வரும்.

பெண் இயக்குநர்கள் உள்ள நிறுவனங்களில் லாபக் கணக்கு நம்பகமாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஏற்கெனவே ஒழுங்காக நடக்கும் நிறுவனங்களே பெண்களை அதிகம் அழைத்திருக்கலாம். எனக்குப் பெரிதாகப் படுவது, ஆடம்ஸ், ஃபெரெய்ரா இருவரும் 2009-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. பெண் இயக்குநர்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறார்கள், தணிக்கைக் குழு போன்ற கண்காணிப்புக் குழுக்களில் அதிகம் இடம்பெறுகிறார்கள் என்கிறது அது. கணக்கின் தரம் பெரும்பாலும் அந்தத் தணிக்கைக் குழுவில்தான் சோதிக்கப்படுகிறது. இன்னும் ஈட்டாத வருமானத்தை இந்தக் காலாண்டிலேயே எழுதிவிட்டார்களா? வாராக்கடனுக்கு ஒதுக்கியது போதுமா? உரிமையாளரின் உறவினர் நடத்தும் நிறுவனத்துக்கு ஏன் இவ்வளவு பணம் போனது? கணக்கு தெரியாதவர் இதைக் கேட்கவே மாட்டார், கேட்டாலும் முதல் பதிலிலேயே அடங்கிவிடுவார்.

சிந்தியா கூப்பரைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள். வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் உள்தணிக்கைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். அன்றாடச் செலவுகளை மூலதனச் செலவாக, அதாவது பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிக்கும் சொத்துச் செலவாக, எழுதி லாபத்தைப் பெருக்கிக் காட்டியதை அவருடைய அணி 2002-இல் கண்டுபிடித்தது. முதலில் வெளியான தொகையே 380 கோடி டாலர். தலைமை நிதி அதிகாரி ஆய்வைத் தள்ளிப்போடச் சொல்லியும் கேட்காமல், விஷயத்தைத் தணிக்கைக் குழுவிடம் கொண்டுபோனார். அப்போது அவர் இயக்குநர் குழு உறுப்பினர்கூட இல்லை.

பட்டயக் கணக்காளர் தேர்வு, தணிக்கை அனுபவம், நிதித் துறையில் உயர் பொறுப்பு, அதற்குப் பிறகே பெரும்பாலும் இயக்குநர் பதவி. நீண்ட பாதைதான். ஆனால் ஒவ்வொரு படியும் தனியாகவே நல்ல வேலை. பதவி கிடைக்காவிட்டாலும் படிப்பு வீணாகாது.

சேர்ப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். லாபம் ஏறிக்கொண்டும், தொழிலிலிருந்து கைக்கு வரும் பணம் குறைந்துகொண்டும் போகும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் தேடி அவளிடம் கொடுங்கள். கணக்குக் குறிப்புகளைப் படித்து, காரணத்தை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சலிப்பில்லாமல் அதில் மூழ்கினால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.