அம்மாவுக்கு மார்பில் கட்டி; வலி இல்லை என்கிறார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம். இந்த வாரமே கூட்டிப் போய்க் காட்டுங்கள். "வலி இல்லை" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நாங்கள் ஐந்து மாதத்தைத் தொலைத்தோம்.

எங்களுக்குத் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம். அம்மா முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறவள். 2018 கோடை லீவுக்குப் பிள்ளைகளோடு போயிருந்தேன். துணி துவைக்கும்போது அம்மாவின் ஜாக்கெட்டில் இடது பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குத் துரு மாதிரி ஒரு கறை. கேட்டதற்கு, "பீடித்தூளுட்டி, சோப்பு போட்டா போயிரும்" என்றாள். தேய்த்துக் காயப்போட்டுவிட்டேன். மறுவாரம் வேறொரு ஜாக்கெட்டில் அதே இடத்தில் கறை. மூன்றாவது முறை பார்த்தபோதுதான் உறைத்தது. தூள் பட்டால் வெளிப்பக்கம்தானே அப்பும்? இது உள்பக்கம் அடர்த்தியாகவும் வெளியே மங்கலாகவும் இருந்தது.

அன்று ராத்திரி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். காம்பிலிருந்து கசிகிறது, உள்ளே புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி. தை மாதத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். "வலிச்சா சொல்ல மாட்டேனாட்டி? வலிக்கலல்லா" என்றாள். மார்பகப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பது அவளுக்கும் தெரியாது, படித்த எனக்கும் தெரியாது.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பீடிச் சுற்று போச்சு, கூலியும் போச்சு என்பது அவள் கணக்கு.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். "ஊசி குத்துனா பரவிரும்" என்று சித்தப்பா மறித்தார். அப்படியெல்லாம் பரவாது. அப்புறம் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன். முதல்வர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. அம்மா இன்று நன்றாக இருக்கிறாள்.

நான் டாக்டர் இல்லை. எல்லாக் கட்டியும் புற்று இல்லை, பெரும்பாலானவை சாதாக் கட்டிகள்தான் என்பதும் தெரியும். பயமுறுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் எது சாதா என்பதைக் கையால் தடவி நாம் முடிவு செய்ய முடியாது. பொம்பளை விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா என்பவர்களுக்கும் சொல்கிறேன், எழுதாமல் இருந்ததால்தான் என் அம்மா ஜாக்கெட்டை ஒளித்துத் துவைத்தாள்.

உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாதவிலக்கு முடிந்து இரண்டு மூன்று நாளில், விரல்களைத் தட்டையாக வைத்து அக்குள் வரை தடவிப் பாருங்கள். அது நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதி வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி முன் நின்றும் பாருங்கள். தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழுந்திருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் கசிகிறதா? உங்கள் உடம்பின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் மாறியதும் தெரியும். முப்பது வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை இலவசம்.

கூட்டிப் போகும்போது உண்மையைச் சொல்லியே கூட்டிப் போங்கள். நான் கண்ணாடி மாற்ற என்று பொய் சொல்லி பஸ் ஏற்றினேன். ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்த மற்ற பெண்களைப் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.