ஜன்னல் இல்லாத குளியலறைக்கு எந்த எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குவது? லைட் ஸ்விட்சிலேயே இணைத்துவிடலாமா?

இணைக்கலாம், ஆனால் லைட்டை அணைத்த பிறகும் சிறிது நேரம் ஓடும் டைமர் அந்த ஃபேனில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இது புரிய இரண்டு ஃபேன் ஆனது.

எங்கள் குளியலறையிலும் ஜன்னல் கிடையாது. முதல் ஃபேன் லைட்டோடு ஓடும், லைட்டோடு நிற்கும். குளித்துவிட்டு வெளியே வரும்போதுதான் சுவரும் தரையும் துண்டும் நன்றாக நனைந்திருக்கும். சரியாக அந்த நேரத்தில் ஃபேன் நின்றுவிடும். சில மாதங்களில் மேல் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. இழுவை போதவில்லை என்று நினைத்துப் பெரிய ஃபேன் வாங்கி மாட்டினோம். சத்தம்தான் கூடியது, பூஞ்சை அப்படியே இருந்தது.

அப்புறம் ஒரு எலக்ட்ரீஷியன் வந்து, கதவை மூடிவிட்டு ஒரு டிஷ்யூ பேப்பரை ஃபேன் கிரில்லில் வைத்தார். ஒட்டாமல் விழுந்தது. கதவைத் திறந்து வைத்தார், ஒட்டிக்கொண்டது. எங்கள் கதவு தரையை உரசி மூடும். உள்ளே காற்று வர வழியே இல்லாதபோது எவ்வளவு பெரிய ஃபேனும் எதை இழுக்கும்? கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டோம். புது ஃபேன் வாங்கும் முன் இந்தப் பேப்பர் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள்.

அளவுக்குக் கணக்கு எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்குங்கள். மணிக்கு 8 முறை அறைக் காற்று மாற வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 7 அடிக்கு 5 அடி, உயரம் 8 அடி என்றால் 280 கன அடி. அதை 8-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 37 சிஎஃப்எம், அதாவது ஃபேன் நிமிடத்துக்கு 37 கன அடி காற்றை இழுக்க வேண்டும். காற்றை வெளியே கொண்டுபோகும் குழாயில் கொஞ்சம் இழுவை குறையும் என்பதால் 50-க்குக் கீழே வாங்காதீர்கள். பெட்டியில் கன மீட்டரில் போட்டிருந்தால், 1 சிஎஃப்எம் என்பது மணிக்கு சுமார் 1.7 கன மீட்டர்.

ஃபேன் வெளிச்சுவரிலேயே உட்கார்ந்தால் சாதாரண இறக்கை ஃபேன் போதும். நீளமான குழாய் வழியாகத் தள்ள வேண்டுமென்றால் அது திணறும், உருளை போன்ற சக்கரம் சுழன்று காற்றைத் தள்ளும் சென்ட்ரிஃப்யூகல் வகைதான் தாங்கும். மடங்கும் குழாய் என்றால் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்துப் போடச் சொல்லுங்கள். குழாயின் வாய் கட்டாயம் வெளியே திறக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டால் ஈரம் வீட்டுக்குள்தான் இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஃபேனைக் கதவிலிருந்து தள்ளி, ஷவர் பக்கமாக வைத்தால் வரும் காற்று அறை முழுவதையும் துடைத்துக்கொண்டு போகும்.

இனி ஸ்விட்ச். நாங்கள் டைமரை 20 நிமிடத்துக்கு வைத்திருக்கிறோம். டைமர் ஃபேனுக்கு ஸ்விட்ச் வழியாக வரும் லைன், எப்போதும் கரன்ட் இருக்கும் இன்னொரு லைன், நியூட்ரல் என்று மூன்று ஒயர் தேவைப்படும். சுவர் பூசும் முன்பே சொல்லிவிட்டால் பிறகு உடைக்க வேண்டியதில்லை. கரன்ட் பில்லுக்காகத் தயங்க வேண்டாம், 20 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் 1 யூனிட் ஆக 50 நாள் பிடிக்கும்.

காற்றில் ஈரம் கூடினால் ஃபேனைத் தானே ஓடவிடும் ஈரப்பத சென்சார் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வெளிக்காற்றே 80 சதவீத ஈரத்தில் இருக்கும் மழைநாளில், 65 சதவீதத்தில் வைத்த சென்சார் ஃபேனை நிறுத்தவே விடாது. அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்களுக்கு டைமர்தான் என் தேர்வு. சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை மட்டும் இதில் மாட்டாதீர்கள். வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தயாரிப்பாளர் அனுமதித்த கட்டுப்படுத்தியையே வாங்குங்கள்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் இதையெல்லாம் தள்ளி வையுங்கள். ஃபேன் காற்றை வெளியே இழுக்கும்போது கீசரின் புகை அறைக்குள்ளேயே திரும்பலாம். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரையே எடுத்துவிடும். முதலில் கீசரை வெளியே மாற்றுங்கள், ஃபேன் அதற்குப் பிறகு.