மார்கழிக் குளிரும் முப்பது வருடக் கணக்கும்

கேள்வி: மார்கழி விடியலில் போர்வையை விட்டு எழ முடியவில்லை, அவ்வளவு குளிர். நாளைக்கு மழை வருமா என்பதையே உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள், ஐம்பது வருடம் கழித்துப் பூமி சூடாகும் என்றால் எப்படி நம்புவது?
- ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: வானிலையையும் காலநிலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டீர்கள். 'மூட்டமா இருக்கு, நெல்லைக் களத்துல கொட்டாதே' என்பது வானிலை. 'ஐப்பசி அடைமழைக்குள் சம்பா நடவு வேர் பிடித்துவிட வேண்டும்' என்பது காலநிலை. முன்னது ஒரு நாள் சங்கதி. பின்னது தலைமுறைகள் பார்த்துப் பார்த்துத் தேறிய சராசரி. வானிலைத் துறையும் 30 வருடப் பதிவைச் சேர்த்துத்தான் 'இயல்பு' என்கிறது. இப்போதைய கணக்கு 1991 முதல் 2020 வரை.

கல்லணையில் நின்று பாருங்கள். சுழலில் சிக்கிய துரும்பு அடுத்த நிமிடம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மேட்டூரில் கூடுதலாக எத்தனை கனஅடி திறந்தார்கள் என்று தெரிந்தால், மூன்று நான்கு நாளில் இங்கே தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதை மதகைத் திறந்து மூடும் லஸ்கரே சொல்லிவிடுவார். நாளைய மழை துரும்பு. காற்றில் சேரும் கரியமில வாயு, திறந்துவிட்ட கனஅடி. தொழிற்புரட்சிக்கு முன் அது பத்து லட்சத்தில் 280 பங்கு; இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

உங்கள் மார்கழிக் குளிர் பொய்யில்லை. வானம் தெளிந்து வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும் இரவில், தரை பகலில் வாங்கிய சூடு மேகத் தடுப்பில்லாமல் வெளியேறிவிடும். பூமியின் சராசரி 1 டிகிரிக்கு மேல் ஏறிய பிறகும் அப்படி இரவுகள் வரும். அவை எத்தனை வருகின்றன என்பதுதான் கேள்வி.

எதிர்ப்பக்கத் தவறையும் சொல்ல வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. இதில் எந்த ஒன்றையும் தனியாகக் காட்டி 'இதோ காலநிலை மாற்றம்' என்பதும் உங்கள் வாதத்தைப் போன்றதே. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது மொத்தமாகக் கொட்ட வாய்ப்பு கூடுகிறது.

டெல்டாக்காரர்கள் வெயிலைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை இரவுச் சூடு. நெற்பூ முற்பகலில் ஒரு மணி நேரம் போலத்தான் திறந்திருக்கும். அந்நேரம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதராகும். இது பகல் சேதம்; கதிரை உருவினால் கையிலேயே தெரியும். இரவில் நடப்பது கண்ணில் படாது. பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இரவு எவ்வளவு வெதுவெதுப்போ அவ்வளவு செலவு. மணி முழுதாகப் பால் கட்டாமல் கருக்காய் கூடும். பூச்சி, உரம் என்று காரணம் தேடிக்கொண்டிருப்போம். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் மகசூல் 10 சதவீதம் குறைந்திருந்தது.

நம்பிக்கை வரவில்லையென்றால் நீங்களே அளந்து எழுதுங்கள். குறைந்தபட்ச வெப்பமானியைத் தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். மாடிச் சுவரில் மாட்டினால் சிமெண்டின் சூட்டைத்தான் அளப்பீர்கள். மழைக்கு நேர்ச்சுவருள்ள பாத்திரம் போதும். வாய் அகன்று அடி குறுகிய வாளி அதிகமாகக் காட்டும். பக்கத்து மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைத்து, தினமும் காலை 8.30-க்குப் பாருங்கள். இடத்தை மாற்றினால் பழைய கணக்கோடு ஒப்பிட முடியாது. முப்பது வருடம் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வட்டத்துப் பழைய பதிவை வாங்கி, 1961 - 1990 சராசரியையும் 1991 - 2020 சராசரியையும் அருகருகே வையுங்கள்.

நாளைக்கு மருந்தடிக்கலாமா, அறுவடை எந்திரத்தை வரச் சொல்லலாமா என்பதற்கு வானிலை அறிக்கையைக் கேளுங்கள். வடிகாலை எவ்வளவு அகலம் தூர்வாருவது, இரண்டு வாரம் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகத்தைப் பள்ளக்காலில் போடுவதா, கடைமடையில் கடல்நீர் ஏறாமல் எங்கே தடுப்பணை கட்டுவது என்பதையெல்லாம் இந்த மார்கழிக் குளிரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.